3200 ராம் ஏன் 2133-ல் ஓடுகிறது?

கேள்வி: என் கணினியில் 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு இருந்தன. வேகம் 3200 என்று அச்சிட்ட 16 ஜிபி ராம் இரண்டு வாங்கி அவற்றோடு சேர்த்தேன். டாஸ்க் மேனேஜரில் 2133 என்றுதான் காட்டியது. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பை இயக்கினேன். அதன்பிறகு திரையில் எதுவும் வரவில்லை. மின்விசிறி சுற்றுகிறது, நிற்கிறது, மறுபடியும் சுற்றுகிறது. போலி ராமை வாங்கிவிட்டேனா?

பதில்: இதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. முதலில் ராமில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 1.35 வோல்ட் என்று இருந்தால், 3200 என்பது எக்ஸ்எம்பியை இயக்கினால்தான் கிடைக்கும் வேகம். அதுவரை மதர்போர்டு 1.2 வோல்ட்டில், 2133 போன்ற பாதுகாப்பான வேகத்தில்தான் அதை ஓட்டும். கணினி விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் 1600 என்று கண்டாலும் கலங்க வேண்டாம். டிடிஆர் ராம் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவை அனுப்புவதால், அதுதான் 3200.

மின்விசிறி சுற்றி நிற்பதைப் பார்த்தால் வயிறு கலங்கத்தான் செய்யும். அந்த நேரத்தில் மதர்போர்டு புதிய வேகத்தில் ராமைப் பழக்கிப் பார்க்கிறது. முடியாதபோது மீண்டும் தொடங்குகிறது. சில முறை தோற்றபின் பல போர்டுகள் தாமாகவே பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். ஐந்து நிமிடம் பவர் பட்டனைத் தொடாமல் காத்திருங்கள். அப்போதும் திரை வராவிட்டால் மின்கம்பியைக் கழற்றி, போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் வெளியே எடுத்து வையுங்கள். பயாஸ் அமைப்புகள் அழிந்துவிடும். வட்டில் பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) போட்டிருந்தால், அதன்பின் அது மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும்; அந்தச் சாவியை முதலில் வேறொரு கருவியில் தேடி எடுத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். சாவி கையில் இல்லாமல் கோப்புகளை இழந்தவர்களின் தவிப்பைக் கண்டிருக்கிறேன்.

பெரும்பாலும் சிக்கல், நான்கு ராம்களும் ஒன்றாக இருப்பதில்தான் இருக்கும். நான்கையும் சமாளிப்பது பிராசஸருக்குள் இருக்கும் கட்டுப்பாட்டகத்துக்குக் கூடுதல் சுமை; அதிலும் உங்களுடையவை இரண்டு வெவ்வேறு ஜோடிகள். பழையவற்றைக் கழற்றிவிட்டு, புதிய இரண்டையும் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் பொருத்துங்கள். பெரும்பாலான போர்டுகளில் இதுவே சரியான இடம். கையேட்டிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பொருத்தும்போது அவசரம் கூடாது. ஒரு பக்கம் மட்டுமே கொக்கி உள்ள போர்டுகளில் கொக்கி ‘க்ளிக்’ என்று விழுந்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுவோம். ஒருமுறை அப்படி வந்த கணினியை இரண்டு மணி நேரம் சோதித்தேன். கடைசியில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது, மறுமுனையில் மயிரிழை அளவுக்குத் தங்க நிறத் தொடுமுனைகள் மின்னின. கட்டைவிரலால் அழுத்தினேன். திரை வந்துவிட்டது.

இரண்டு ராம்களோடு எக்ஸ்எம்பி ஓடினால் அப்படியே விட்டுவிடுங்கள். பெரும்பாலான வேலைகளுக்கு 32 ஜிபி தாராளம். காணொளித் தொகுப்புக்கு 48 ஜிபியும் தேவைப்பட்டால், நான்கையும் போட்டு வேகத்தை நீங்களே 2666 என்று குறைத்து வையுங்கள். எந்த வழியானாலும் ஓர் இரவு முழுக்க ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த வேகத்தை ஏற்காதீர்கள். கோப்புகள் சத்தமில்லாமல் கெட்டுப்போகும்.

கேள்வி: புதிதாக டிடிஆர்5 ராமோடு கணினி கோத்தேன். முதல்முறை இயக்கியதும் திரை நெடுநேரம் கறுப்பாகவே இருக்கிறது. அணைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். மதர்போர்டு டிடிஆர்5 ராமை முதல்முறை பழக்கிப் பார்க்கப் பல நிமிடம் பிடிக்கும். ராம் அதிகமானால் இன்னும் நீளும். இடையில் அணைத்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். கால் மணி நேரம் கடந்தும் திரை வராவிட்டால், ஒரே ஒரு ராமோடு முயன்று பாருங்கள்.