ஜெர்மன் மண்ணில் கத்தோலிக்க மகுடம்: கேள்வி பதில்

கேள்வி: முடியாட்சி திரும்ப வேண்டும் என்னும் கத்தோலிக்கர்கள் ஜெர்மனியின் பெர்லினை விட்டுவிட்டு ஆஸ்திரியாவின் வியன்னாவையே பேசுவது ஏன்?

பதில்: பெர்லினில் ஆண்ட ஹோகன்ஸோலர்ன் குடும்பம் புராட்டஸ்டன்ட் குடும்பம். 1871இல் அமைந்த அவர்களுடைய பேரரசில் அரசின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் கத்தோலிக்கத் திருச்சபையோடு மோதியபோது ஆயர்களே சிறைக்குப் போனார்கள். அந்த மகுடத்துக்காகக் கத்தோலிக்கர்கள் ஏங்குவார்களா? அவர்கள் பற்று கத்தோலிக்கக் குடும்பங்கள் மீதுதான்: வியன்னாவில் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பம், தென் ஜெர்மனியில் பவேரியாவை ஆண்ட விட்டல்ஸ்பாக் குடும்பம்.

கேள்வி: ஆஸ்திரியாவின் கடைசிப் பேரரசர் கார்ல் முடிதுறக்கவே இல்லையாமே?

பதில்: ஆம். 1918 நவம்பர் 11 அன்று, அரசுப் பணிகளில் இனிப் பங்கேற்பதில்லை என்றுதான் கையெழுத்திட்டார். 1921இல் இரண்டு முறை, தான் மன்னராக இருந்த ஹங்கேரியின் அரியணையை மீட்க முயன்று தோற்றார். மறு ஆண்டே மதேய்ரா தீவில் 34 வயதில் இறந்தார். 2004இல் திருச்சபை அவருக்குப் புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் அளித்தது. அந்தப் பட்டத்தையே வம்சத்தின் ஆட்சியுரிமைக்குச் சான்றாகக் காட்டுவோரை என்னால் ஏற்க முடியாது. திருச்சபை போற்றியது ஒரு மனிதரின் புண்ணிய வாழ்வை, அரியணை உரிமையை அல்ல.

கேள்வி: முடியாட்சி கேட்டவர்கள் எல்லாம் ஹிட்லருக்குத் துணைபோனவர்கள்தானே?

பதில்: இது பெரிய அநியாயம். ஜெர்மன் அரசியல்வாதி பாப்பென் போன்ற கத்தோலிக்க முடியாட்சிப் பற்றாளர் ஹிட்லர் ஆட்சிக்கு வரக் கதவு திறந்துவிட்டது உண்மை. அதை மறைக்கக் கூடாது. ஆனால் கார்லின் மகன் ஓட்டோ அரியணை ஏறினால் அதைத் தடுக்க ஆஸ்திரியாவுக்குள் நுழைய ஹிட்லரின் ஜெர்மானியப் படை வரைந்த திட்டத்துக்கே ‘ஓட்டோ’ என்றுதான் பெயர். பவேரிய இளவரசர் ருப்ரெக்ட் ஹிட்லர் ஆட்சியிலிருந்து தப்பி இத்தாலியில் தஞ்சம் புகுந்தார். 1944இல் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் வதைமுகாம்களில் அடைக்கப்பட்டார்கள்.

கேள்வி: இன்று சட்டம் இடம் தருமா?

பதில்: ஜெர்மனியில் வழியில்லை, குடியரசின் அடித்தளத்தைத் திருத்தவே கூடாதென, அந்நாட்டு அரசியலமைப்பான அடிப்படைச் சட்டத்தின் 79ஆம் பிரிவு தடுக்கிறது. ஆஸ்திரியாவில் மக்கள் வாக்கெடுப்பு வேண்டும். ஓட்டோவே 1961இல் அரியணை உரிமையை விட்டுக்கொடுத்து, பிறகு 20 ஆண்டுகள் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இருந்தார்.

கேள்வி: அப்படியென்றால் இது வெறும் கனவா?

பதில்: ஆஸ்திரியாவை ஒட்டிய குட்டி நாடான லிக்டென்ஸ்டைனைப் பாருங்கள். ஜெர்மன் பேசும் நாடு, கத்தோலிக்க இளவரசர், அரசியலமைப்பிலேயே இடம்பெற்ற கத்தோலிக்கத் திருச்சபை, மரியன்னையின் விண்ணேற்பு நாளான ஆகஸ்ட் 15இல் தேசிய விழா. 2011இல் கருக்கலைப்பை அனுமதிக்கும் வாக்கெடுப்பு வந்தபோது, அது வென்றாலும் ஒப்புதல் தர மாட்டேன் என்று பட்டத்து இளவரசர் அலோயிஸ் முன்கூட்டியே அறிவித்தார். நாடு கொதித்தது. அந்த மறுப்பு அதிகாரத்தைக் குறைக்க மறு ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் 76 சதவீதத்தினர் இளவரசர் பக்கம் நின்றார்கள். இன்னொன்றும் உண்டு: முடியாட்சியையே வாக்களித்து ஒழிக்கும் உரிமையை 2003 முதல் அந்நாட்டு அரசியலமைப்பு மக்களுக்குத் தந்திருக்கிறது. வியன்னாவில் மகுடம் கேட்பவர்கள் இந்த ஏற்பாட்டைத்தான் முதலில் படிக்க வேண்டும். மக்களிடம் கேட்காமல் வரும் மன்னரை நான் ஆதரிக்க மாட்டேன்.