சைக்கிள் பின்னால் தேங்காய் மூட்டை

கேள்வி: சைக்கிளில் இரண்டு சக்கரத் தொடுவண்டி மாட்டி, 60 கிலோ தேங்காய் ஏற்றிச் சந்தைக்குப் போகிறேன். வேகம் கூடினால் வண்டி ஆடுகிறதுங்க. என்ன செய்யலாம்?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: பாரம் பின்னால் குவிந்திருக்குமுங்க. ஈரோட்டில் என் பட்டறைக்கு வரும் ஜவுளி வண்டிகளிலும் பெரும்பாலும் இதே கோளாறுதான். மூட்டையைத் தொடுவண்டியின் அச்சுக்குச் சற்று முன்னால் தள்ளி, தாழ்வாக, அசையாமல் கட்டுங்கள். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு இணைப்புக் கம்பியில் அழுத்த வேண்டும். கம்பி முனையைத் தராசில் வைத்தால் தெரிந்துவிடும். இணைப்பு சீட் கம்பியில் இருந்தால் சைக்கிளின் பின்சக்கர அச்சுக்கு மாற்றுங்கள். டயர்களில் காற்றையும் பாருங்கள்.

அப்புறம், இறக்கம். எனக்குக் கவலையே அதுதான். அத்தனை பாரமும் பின்னாலிருந்து தள்ளும். திருப்பத்தில் பிரேக்கை அழுத்தினால் வண்டி மடங்கிவிடும். இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறையுங்கள். செங்குத்தாக இருந்தால் இறங்கி உருட்டிக்கொண்டே போங்கள், தயவுசெய்து.