குலுக்கலில் பெயர் விழ ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: நான் மார்த்தாண்டத்தை அடுத்த ஒரு கிராமத்தைச் சேர்ந்தவன். வயது 27, மெக்கானிக்கல் பொறியியல் முடித்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் 'வொர்க் அண்ட் ஹாலிடே' விசாவை உறுதியாக வாங்கித் தருவதாகவும், அங்கே நிரந்தர வேலை காத்திருப்பதாகவும் கூறி, ஒரு ஏஜென்ட் மூன்றரை இலட்சம் ரூபாய் கேட்கிறார். பாதியை முன்பணமாகத் தர வேண்டுமாம். நகையை அடகு வைக்க அம்மாவும் சம்மதித்துவிட்டார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம், தம்பி. அம்மாவின் நகை வீட்டிலேயே இருக்கட்டும். இந்த விசா உண்மையானதுதான்; ஆனால் அதை உறுதியாக வாங்கித் தரும் ஆற்றல் எந்த ஏஜென்டுக்கும் கிடையாது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் 2022இல் செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்தின் பயனாக, 462 என்னும் எண்ணுள்ள இந்த விசா இந்தியர்களுக்கு 2024 செப்டம்பரில் திறந்துவிடப்பட்டது. ஆண்டுக்கு 1,000 பேருக்கு மட்டுமே இடம் உண்டு என்பதால், விண்ணப்பிக்கத் தகுதியானவர்களைக் கணினிக் குலுக்கல் மூலம் தேர்ந்தெடுக்கிறார்கள். முதன்முறை பதிவு தொடங்கிய இரண்டு வாரங்களுக்குள்ளேயே ஏறத்தாழ 40,000 பேர் பதிந்துவிட்டதாக அந்நாட்டு அமைச்சர் ஒருவர் தெரிவித்தார். நாற்பது பேருக்கு ஒருவர் என்ற அளவுகூட இல்லாத ஒரு வாய்ப்பை 'உறுதி' என்று ஒருவர் விற்கிறார் என்றால், அவர் விற்பது விசாவை அல்ல, உங்கள் குடும்பத்தின் நம்பிக்கையை.

குலுக்கலில் பதிவதற்கான கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர், அதாவது நம் பணத்தில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அளவே. ஆஸ்திரேலிய உள்துறையின் இணையதளத்தில் 'இம்மிஅக்கவுண்ட்' என்ற கணக்கைத் தொடங்கி, பாஸ்போர்ட்டையும் பான் கார்டையும் கையில் வைத்துக்கொண்டு நீங்களே பதிந்துவிடலாம். பக்கத்து இ-சேவை மையத்தில் உட்கார்ந்து செய்தாலும் மின்னஞ்சல் முகவரி உங்களுடையதாகவே இருக்கட்டும் என்பதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். ஏனெனில், தேர்வான செய்தி அந்த முகவரிக்குத்தான் வரும். அதிலிருந்து 28 நாட்களுக்குள் முழு விண்ணப்பத்தையும் அளித்தாக வேண்டும். ஏஜென்ட் தன்னுடைய முகவரியைக் கொடுத்துப் பதிந்திருந்தால், உங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டத்தையே உங்களிடம் விலை பேச அவரால் முடியும்.

தேர்வான பிறகு கேட்கப்படும் தகுதிகளில் பலவும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன: 18 முதல் 30 வரையிலான வயது, பள்ளிக்குப் பிறகு குறைந்தது இரண்டாண்டுப் படிப்பு, உடன் வரும் குழந்தைகள் இல்லாமை. ஆங்கிலத் தேர்வு ஐஈஎல்டிஎஸ்ஸில் சராசரியாக 4.5 போதும், நீங்கள் ஆங்கில வழியில் பொறியியல் படித்தவராக இருந்தால் சில வாரப் பயிற்சியில் அதை எட்டிவிடலாம். கடினமான பகுதி பணம்தான். ஆரம்பச் செலவுக்காகச் சுமார் 5,000 ஆஸ்திரேலிய டாலர், அதாவது மூன்று இலட்சம் ரூபாயை ஒட்டிய தொகை, கையில் இருப்பதைக் காட்ட வேண்டும். இதற்கென்றே 'ஷோ மணி' என்ற பெயரில் சில நாட்களுக்கு வங்கிக் கணக்கில் பணம் போட்டுத் தருபவர்களும், வங்கி ஸ்டேட்மென்டையே திருத்தித் தருபவர்களும் இருக்கிறார்கள். போலி ஆவணம் என்று கண்டுபிடிக்கப்பட்டால் இந்த விசா மறுக்கப்படுவதோடு நில்லாது, அடுத்த மூன்றாண்டுகளுக்குப் பல ஆஸ்திரேலிய விசாக்களின் கதவும் அடைபடும்.

'நிரந்தர வேலை' என்ற பேச்சும் தவறானது. ஓராண்டு தங்கிச் சுற்றிப் பார்க்கவும், அதற்கான செலவை வேலை செய்து ஈடுகட்டவும் ஏற்பட்ட விசா இது. பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதங்களுக்கு மேல் வேலை செய்யக் கூடாது. நான்கு மாதங்கள் வரை படிக்கலாம். நம் மாவட்டத்தில் வெளிநாடு என்றாலே கல்ஃப் வேலையை மனத்தில் வைத்து, முதல் மாதத்திலிருந்தே வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்று கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது. தோட்டத்திலோ உணவகத்திலோ கிடைக்கும் வேலையைச் செய்து, வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சுவதைச் சேர்க்கும் ஓராண்டு அனுபவம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம் இராது.

முன்பணம் ஏற்கெனவே கைமாறியிருந்தால், ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் பத்திரப்படுத்திக்கொண்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் பதிவு பெற்ற ஏஜென்ட்கூட, 30,000 ரூபாய்க்கும் அதற்குரிய ஜிஎஸ்டிக்கும் மேல் சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது இந்திய அரசின் விதி.

கேள்வி: என் மகள் நர்ஸிங் முடித்துவிட்டு நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை செய்கிறாள். வயது 24. இங்கிலாந்துக்கும் இப்படி ஒரு விசா உண்டு என்று குளச்சலில் பேசிக்கொள்கிறார்கள். அவள் அதில் போய் அங்கே நர்ஸாக இருக்க முடியுமா?

பதில்: உண்டு, அம்மா. 'இந்தியா யங் புரொஃபஷனல்ஸ்' என்ற பெயரில் 2023 முதல் நடக்கும் திட்டம் அது. ஆண்டுக்கு 3,000 இடம். இரண்டாண்டு தங்கி வேலை செய்யலாம். இதற்கும் குலுக்கல்தான், ஆனால் பதிவு முற்றிலும் இலவசம். பிப்ரவரியிலும் ஜூலையிலுமாக ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இரண்டே நாட்கள் திறந்திருக்கும்.

உங்கள் மகள் முடித்தது பி.எஸ்சி. நர்ஸிங்கா, ஜி.என்.எம். டிப்ளமோவா என்பதை நீங்கள் எழுதவில்லை. விடையோ அதைப் பொறுத்தே இருக்கிறது. இந்தத் திட்டம் இளங்கலைப் பட்டத்தைக் கட்டாயமாகக் கேட்பதால் டிப்ளமோ மட்டும் போதாது. பட்டம் இருந்தாலும், அந்நாட்டின் நர்ஸிங் கவுன்சிலில் தேர்வெழுதிப் பதிவு பெறாமல் நர்ஸாகப் பணிபுரிய முடியாது. குலுக்கலில் பெயர் விழுவது அந்தப் பதிவுக்கு ஈடாகாது. தவிர, 2,530 பவுண்டு தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும். விசாக் கட்டணத்தோடு இரண்டாண்டுக்கான மருத்துவக் கட்டணமாக 1,552 பவுண்டையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழும் தேவை. இந்த விசாவை நீட்டிக்க வழியில்லை. நர்ஸாகவே அங்கே நிலைத்து வாழ்வதுதான் உங்கள் மகளின் விருப்பம் என்றால், கவுன்சில் பதிவை முடித்துவிட்டு, மருத்துவமனையே ஸ்பான்சர் செய்யும் வேலை விசாவுக்கு முயல்வதுதான் சரியான பாதை என்பது என் கருத்து.

கேள்வி: என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சேராமல் என் பெயர் மட்டுமே இருக்கிறது. பான் கார்டில் அப்பா பெயரும் சேர்ந்து வந்துவிட்டது. குலுக்கலில் பதியும்போது சிக்கல் வருமா? (தக்கலை வாசகர்)

பதில்: வரக்கூடும். தலைப்பெழுத்தோடு வாழும் நம்மவர்களில் பெரும்பாலோருக்கு இந்தத் தொல்லை இருக்கிறது. சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் வேறொன்று என்று பெயர் மூன்று விதமாகக் கிடக்கும். எந்த வெளிநாட்டு விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். இல்லாத குடும்பப் பெயரை நீங்களாக உண்டாக்கிச் சேர்க்காதீர்கள். பதிவு தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பாகவே, பான் கார்டையோ பாஸ்போர்ட்டையோ ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்படி திருத்தி வாங்கிவிடுவது நல்லது. பாஸ்போர்ட்டைத் திருத்துவதாக இருந்தால் அந்த வேலையை முதலில் முடியுங்கள். பதிந்த பிறகு பாஸ்போர்ட் எண் மாறினால் அதை விளக்கிக்கொண்டிருக்க நேரிடும்.