டிக்கெட்டுக்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள்

கேள்வி: டிசம்பர் 31 அன்று குடும்பத்தோடு அந்தமான் கிளம்புகிறோம். ஜனவரி 1, 2 இரண்டு இரவும் ஹேவ்லாக் தீவில் தங்கல். அங்கே ராத்திரியில் கயாக் படகில் அழைத்துப் போய், ஒளிரும் தண்ணீரைக் காட்டுகிறார்களாம். ஆளுக்கு 3,500 ரூபாய் கேட்கிறார்கள். நான், கணவர், மாமியார் (67 வயது, மூட்டுவலி), மகள் (11), மகன் (5) என ஐந்து பேர். கணவரைத் தவிர யாருக்கும் நீச்சல் தெரியாது. போட்டோவில் இருக்கிற அந்த நீலம் நிஜமாகவே தெரியுமா? பயமில்லாமல் போகலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். இந்த வருடம் வைகுண்ட ஏகாதசி 2025 டிசம்பர் 30. அது எப்போதுமே வளர்பிறையில்தான் வரும். அப்படியானால் ஜனவரி 1 திரயோதசி, 2 சதுர்த்தசி, 3 பௌர்ணமி. இரண்டு ராத்திரியும் பொழுது சாய்வதற்கு முன்பே நிலா கிழக்கே ஏறி நிற்கும். விடியப் போகிற நேரம் வரை இறங்காது. ஒளிரும் தண்ணீர் பார்க்க வருடத்திலேயே மோசமான நாட்களைத் தேடி எடுத்ததுபோல இருக்கிறது உங்கள் தேதி. வருத்தப்படாதீர்கள், பள்ளி விடுமுறை அப்படித்தான் விழுகிறது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். கடல் நுண்ணுயிர்களைப் படிக்க ஆரம்பித்த புதிதில், ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டிவிட்டு பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் போனேன். நிலா வெளிச்சத்தில் பேப்பரே படிக்கலாம் போல இருந்தது. ஒன்றரை மணி நேரம் துடுப்புப் போட்டும் கண்ணில் பட்டது நாலைந்து பொட்டுகள். "இன்னைக்குக் கொஞ்சம் கம்மி சார்" என்றார் வழிகாட்டி. கம்மியில்லை, தண்ணீரில் ஒளிர்கிற சரக்கு இருந்தது, நிலா அதை மறைத்துவிட்டது. பணம் வாங்கும்போதே அதை அவர் சொல்லியிருக்கலாம்.

தண்ணீரில் ஒளிர்வது டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் உயிரி. பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாது. நாக்டிலூக்கா போன்ற சில மட்டும் ஜவ்வரிசியைப் பொடித்ததுபோல ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வளரும். தண்ணீர் கலங்கி, செல்லின் சுவர் லேசாக அழுந்தினால் உள்ளே அமிலத்தன்மை சட்டென்று கூடும். லூசிஃபெரின் என்ற பொருளும் லூசிஃபெரேஸ் என்ற நொதியும் வினைபுரிந்து ஒரு நீலப் பொறி கிளம்பும். அதன் ஆயுள் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குதான். தன்னைத் தின்ன வரும் குட்டி இறால் போன்ற பிராணிகளைத் திடுக்கிட வைப்பதற்கும், அவற்றைத் தின்னும் மீனுக்கு "இங்கே பார், உன் இரை" என்று காட்டிக் கொடுப்பதற்கும் இந்த ஏற்பாடு. திருடன் வந்தால் ஊரைக் கூட்டுகிற மாதிரி.

இதிலிருந்து உங்களுக்குத் தேவையான விஷயங்கள் மூன்று. கலக்கினால்தான் ஒளிரும், சும்மா உட்கார்ந்திருந்தால் இருட்டுத் தண்ணீர்தான். ஒரே உயிரியைத் திரும்பத் திரும்பக் கலக்கினால் அன்றைய கையிருப்பு தீர்ந்துபோகும். அதனால் இருபது கயாக் ஒரே ஓடையில் வரிசையாகப் போகிற கூட்டத்தைவிட நாலைந்து கயாக் போகிற குழு நல்லது. மூன்றாவது, அந்தப் பொறி அவ்வளவு சின்னது என்பதால் சுற்றிலும் இருட்டு கனமாக இருந்தாக வேண்டும்.

சரி, எப்போது போகலாம்? நிலா ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தாமதமாக உதிக்கும். தேய்பிறை பஞ்சமிக்கு அது எழும்ப இரவு ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். அந்தமானில் இன்னொரு வசதி, அங்கே கடிகாரம் நம்முடையதுதான், ஆனால் சூரியன் முந்திக்கொள்ளும். டிசம்பர், ஜனவரியில் மாலை ஐந்தே கால் வாக்கில் அஸ்தமனம். ஆறேகாலுக்கு முழு இருட்டு. ஆகவே தேய்பிறை பஞ்சமியில் தொடங்கி, அமாவாசையைத் தாண்டி, வளர்பிறை திரிதியை வரைக்கும் எந்த நாளானாலும் குழந்தைகள் தூங்கப் போகுமுன்பே பார்த்துவிட்டு வரலாம். மேகமூட்டம் பற்றிக் கவலை வேண்டாம், அது இருட்டைக் கூட்டத்தான் செய்யும். பலத்த காற்றும் கனமழையும்தான் பிரச்சினை.

உங்களுக்கு என் யோசனை: விமான டிக்கெட்டை மாற்ற முடியுமென்றால் பொங்கலுக்குத் தள்ளுங்கள். தை அமாவாசை 2026 ஜனவரி 18. பொங்கலன்றும் அதற்கு மறுநாளும் ஹேவ்லாக்கில் தங்கினால் நிலா விடியற்காலையில்தான் எட்டிப் பார்க்கும். ராத்திரி முழுக்க உங்களுடையது. 17-ஆம் தேதி திரும்பிவிட்டால், வீட்டில் அமாவாசைத் தர்ப்பணம் கொடுக்கிறவர்கள் இருந்தால் அதுவும் தடைபடாது. பொங்கலுக்கு வீட்டில் இல்லையா என்று மாமியார் கேட்பார், அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றவே முடியாதென்றால் இரவுக் கயாக்குக்குப் பணம் கட்டாதீர்கள். அதே ஓடையில் காலையில் கயாக் விடுவார்கள். சுரபுன்னை வேர்களுக்கு நடுவே பகலில் போவதும் தனி அழகு. பிச்சாவரம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இனி அந்த நீலம். போட்டோவில் உள்ளது பொய்யில்லை, ஆனால் அது கேமராவின் கண். ஷட்டரைப் பல நொடி திறந்து வைத்து, அத்தனை பொறிகளையும் ஒரே படத்தில் சேர்த்துக் கொட்டுகிறது. நம் கண்ணில் இருட்டில் வேலை செய்கிற செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. அதனால் மங்கலான இடத்தில் சாம்பல் கலந்த வெள்ளையாகத்தான் தெரியும். வெளிச்சம் அழுத்தமாக இருக்கிற இடத்தில் மட்டும் நீலம் தட்டும். விளம்பரப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்களில் பாதிப் பேர் முதல் ஐந்து நிமிடம் ஏமாந்துதான் போகிறார்கள்.

அந்த ஐந்து நிமிடத்தைத் தாண்டுங்கள். துடுப்பை வைத்தால் அதன் ஓரம் மட்டும் கோடு போட்டதுபோல ஒளிர்ந்து, இரண்டு சுழியாகப் பிரிந்து பின்னால் போகும். துடுப்பைத் தூக்கினால் நுனியிலிருந்து சொட்டுகிற ஒவ்வொரு துளிக்கும் தண்ணீரில் ஒரு வட்டம் விரியும். படகுக்கு அடியில் மீன் ஒன்று வெருண்டு ஓடினால் அது ஓடிய பாதை மட்டும் ஒரு கணம் நிற்கும். மீனைப் பார்க்க மாட்டீர்கள், அதன் ஓட்டத்தைப் பார்ப்பீர்கள். கையை நனைத்து எடுத்தால் முழங்கை ரோமத்தில் இரண்டு மூன்று பொறி ஒட்டிக்கொண்டு வரும், கம்பி மத்தாப்பு அணைகிற நேரத்தில் உதிர்வது போல. இதையெல்லாம் எந்த போனும் படம் பிடிக்காது. ஆடுகிற படகில் நைட் மோடு வெறும் கலங்கலைத்தான் தரும்.

போன் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். யாரோ ஒருவர் மணி பார்க்க போனைத் திறந்தால் பக்கத்தில் இருக்கிற எல்லோருக்கும் அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். போனை அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு மற்றதால் பாருங்கள். மூடிய கண் பழகியபடியே இருக்கும். வழிகாட்டியின் நெற்றி விளக்கு சிவப்பாக இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். மங்கலான சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. அப்புறம் ஒரு சின்ன வித்தை: பொறியை நேராக உற்றுப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பாருங்கள், கூடுதலாகத் தெரியும்.

பயமில்லாமல் போகலாமா? ஓடைக்குள் அலை கிடையாது. கயாக்கில் இரண்டு பேர் உட்காரலாம். லைஃப் ஜாக்கெட் சரியாகப் பொருந்தினால் நீச்சல் தெரியாதது தடையில்லை. பெரியவர்கள் அளவு ஜாக்கெட்டை இழுத்துக் கட்டி மகளுக்கு மாட்டிவிடுவார்கள், சம்மதிக்காதீர்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், முகவாய்க்கு மேல் ஏறினால் அது அவளுக்கானதில்லை. கரையிலேயே, வெளிச்சம் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். மகளைக் கணவரோடு ஏற்றுங்கள். நீங்கள் வழிகாட்டியோடு ஒரே கயாக்கில் போக முடியுமா என்று கேளுங்கள்.

தண்ணீரில் இறங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது ஆசை காட்டுவார்கள். இறங்க வேண்டாம். அந்தமான் சதுப்பு ஓடைகளில் உப்புநீர் முதலைகள் உண்டு. 2010-இல் ஹேவ்லாக் கடலில் ஒரு அமெரிக்கச் சுற்றுலாப் பயணி முதலை தாக்கி இறந்திருக்கிறார். படகில் போவதை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த ஓடையில் முதலை நடமாட்டம் உண்டா என்று கேட்டு, வழிகாட்டி சொன்ன இடத்தில் மட்டும் விரல் நனைத்தால் போதும். சிரித்து மழுப்புகிறவரைவிட, "போன வாரம் அந்தப் பக்கம் பார்த்தோம், அதனால் இப்போது இந்தப் பக்கம்தான் போகிறோம்" என்று சொல்கிறவரை நம்புங்கள்.

உலகிலேயே மிகப் பிரகாசமான ஒளிரும் விரிகுடா என்று கின்னஸ் பதிவு பெற்றது போர்ட்டோ ரிக்கோவின் வியேக்கஸ் தீவில் உள்ள மஸ்கிட்டோ விரிகுடா. அங்கே நீந்தத் தடை. முதலைக்காக இல்லை, உடம்பில் பூசிய சன்ஸ்கிரீனும் கொசு விரட்டியும் அந்த உயிர்களைக் கெடுக்கும் என்பதற்காக. பெட்ரோல் மோட்டாரும் கிடையாது. துடுப்பு அல்லது மின்சார மோட்டார்தான். 2017 செப்டம்பரில் மரியா புயல் அடித்தபோது விரிகுடாவே மங்கிப்போய், மாதக்கணக்கில் காத்திருந்த பிறகுதான் வெளிச்சம் திரும்பியது. ஹேவ்லாக்கில் அவ்வளவு கட்டுப்பாடு இல்லாவிட்டாலும் நீங்களாகக் கடைப்பிடிக்கலாம்: களிம்பு பூசுவதற்குப் பதில் முழுக்கைச் சட்டையும் கணுக்கால் மூடுகிற பேன்ட்டும். மணல் பூச்சிக் கடிக்கும் அதுதான் மருந்து.

பணம் கட்டுமுன் ஏற்பாட்டாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்: "எந்தத் தேதி நல்லது?" என்று கேளுங்கள். "எல்லா நாளும் சூப்பரா தெரியும்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். நிலாவையும் ஏற்றவற்றத்தையும் சேர்த்துப் பேசுகிறவர் தொழில் தெரிந்தவர். அமாவாசையை ஒட்டி நீர் ஏறுவதும் வற்றுவதும் அதிகம். வற்றின நேரத்தில் ஓடைக்குள் போனால் கயாக் சேற்றில் உட்கார்ந்துவிடும். அதனால் கிளம்பும் நேரம் நாளுக்கு நாள் மாறத்தான் செய்யும். தினமும் ஒரே நேரம் என்று அச்சடித்து வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

அந்தமானே இப்போது முடியாது என்றானால், திருப்பூரிலிருந்து ஒரு ராத்திரிப் பயணத்தில் கொச்சி பக்கத்துக் கும்பளங்கி இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் மழைக்கு முன், உப்பு ஏறிய இறால் வளர்க்கும் நீர்நிலைகளில் இதே வெளிச்சம் வரும். அங்கே இதற்குக் 'கவரு' என்று பெயர். சென்னையிலும் 2019 ஆகஸ்டில் திருவான்மியூர்ப் பக்கம் அலைகள் ஒளிர்ந்தன, ஆனால் அதை நம்பி ரயில் ஏற முடியாது.

மாமியாரையும் மகனையும் கயாக்கில் ஏற்ற வேண்டாம். காலை நீட்டியபடி ஒன்றரை மணி நேரம் உட்காருவது மூட்டுவலிக்காரருக்கு ஆகாது. ஐந்து வயதுக் குழந்தை அரை மணி நேரத்தில் எழுந்து நிற்கும். அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. நீங்களும் கணவரும் மாறி மாறிக் கயாக்கில் போங்கள். கரையில் இருக்கிறவர் அவர்களை விடுதி விளக்குகளிலிருந்து தள்ளி, ஓடை முகத்துவாரம் இல்லாத மணல்கரைக்கு அழைத்துப் போகட்டும். அலை வந்து திரும்பிய ஈர மணலில், தண்ணீரில் கால் வைக்காமல், வெறுங்காலோடு நடக்கச் சொல்லுங்கள். சரக்கு இருக்கிற ராத்திரியாக இருந்தால் காலைச் சுற்றிப் பொறி பறக்கும். பையன் குதிக்க ஆரம்பித்தால் தடுக்காதீர்கள், பலமாகக் குதித்தால்தான் நன்றாகத் தெரியும்.