இசைக் காணொளியில் உதடு மட்டும் பாட்டோடு ஓடுவது எப்படி?

பாடகரின் கூந்தலும் பின்னாலுள்ள தென்னை ஓலையும் மெதுவாக அசைய, உதடு மட்டும் பாட்டின் வேகத்திலேயே அசைவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

இது பெரும்பாலும் படப்பிடிப்புத் தளத்திலேயே போடப்படும் கணக்கு. வழக்கமாக நொடிக்கு 24 சட்டங்கள் (frames, அதாவது தனித்தனி நிலைப்படங்கள்) பதிவு செய்யும் கேமராவை 48க்கு மாற்றி, பாட்டையும் ஒலிபெருக்கியில் இருமடங்கு வேகத்தில் ஓடவிடுவார்கள். அந்த வேகத்துக்கு வாயசைத்ததை மீண்டும் 24 சட்டங்களாக ஓட்டும்போது, உதடு இயல்பான பாட்டோடு பொருந்திவிட, காற்றும் துணியும் கூந்தலும் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்பு ஒன்றில் இதை அருகிலிருந்து பார்த்தேன். கீச்சுக்குரலில் விரைந்தோடிய பாட்டுக்கு அந்த இளைஞர் மூச்சுவாங்க வாயசைத்தார். திரையில் அதே முகம் அத்தனை அமைதியாக இருந்தது. உதடு ஒட்டும் 'ப', 'ம' எழுத்துகள் பிசகினால் பார்ப்பவர் உடனே கண்டுகொள்வார் என்பதால், அவற்றையே திரும்பத் திரும்பப் பழகினார்.

தாளத்தில் காட்சியை வெட்டுவதும் இதே கணக்குதான்: நிமிடத்துக்கு 120 தட்டுகள் உள்ள பாட்டில் ஒரு தட்டுக்குச் சரியாக 12 சட்டங்கள். ஆனால் ஒவ்வொரு பறையடிக்கும் வெட்டினால் கண் சலித்துவிடும் என்பது என் கருத்து. பல்லவி பவானி ஆற்றங்கரையிலும் சரணம் வேறிடத்திலும் வருவதை நாம் கேள்வியின்றி ஏற்பதற்குக் காரணம், இடம் அறுந்தாலும் பாட்டு அறுபடாமல் ஓடுவதே.