சார்ஜர் ஆட்டம் காட்டுகிறதா? கேளுங்கள், சொல்கிறேன்

லேப்டாப் பழுது பார்ப்பதுதான் என் வேலை. சார்ஜர் லூஸ் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, ஒயரை ஒரு கோணத்தில் வளைத்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறது. ஜாக் போய்விட்டதா?

லேப்டாப்பில் சார்ஜரைச் செருகும் துளைதான் ஜாக். அதன் மேல் பழி போட அவசரப்படாதீர்கள் தம்பி. லூஸ் ஆகக்கூடிய இடங்கள் மூன்று. சுவரிலிருந்து வரும் ஒயர் அடாப்டரில் செருகும் இடம் முதலாவது. இதை யாரும் பார்ப்பதே இல்லை. அழுத்திச் செருகினாலே பல சமயம் சரியாகிவிடும். அடுத்தது, லேப்டாப்பில் செருகும் முனையான பின்னை ஒட்டி இருக்கும் ஒயரின் கழுத்து. கடைசியில்தான் ஜாக்.

பின்னைச் செருகி, அது துளியும் அசையாதபடி ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். மறு கையால் கழுத்துப் பகுதி ஒயரை மட்டும் மெதுவாக வளையுங்கள். சார்ஜ் விளக்கு விட்டு விட்டு எரிந்தால், ரப்பருக்குள்ளே கம்பி அறுந்திருக்கிறது. அடாப்டரை மாற்றினால் போதும். ஒயரை விட்டுவிட்டுப் பின்னை மட்டும் லேசாக மேலும் கீழும் அசைக்கும்போது விளக்கு அணைந்தால் ஜாக்கைச் சந்தேகப்படலாம். பின்னோடு ஜாக்கும் சேர்ந்து ஆடுகிறதா? அப்படியானால் சால்டர் (பற்றவைப்பு) விட்டிருக்கும், இல்லை ஜாக்கைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் உடைந்திருக்கும்.

மல்டிமீட்டரில் 19.5 வோல்ட் சரியாகக் காட்டுகிறது. அப்படியென்றால் அடாப்டர் நல்லதுதானே?

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். ஒயருக்குள் பத்து இழை அறுந்து ஓர் இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்ட்டைக் கிட்டத்தட்ட இழுப்பதே இல்லை. லேப்டாப் மூன்று ஆம்பியர் இழுக்கும்போதுதான் வோல்ட் சரியும். அதே வோல்ட், அதே வாட், அதே பின் உள்ள இன்னொரு நல்ல சார்ஜரைப் போட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

என்னுடையது டைப்-சி சார்ஜர். மீட்டரில் எதுவுமே வரவில்லையே?

வராது. எதிர்முனையில் ஒரு கருவி இருப்பது உறுதியான பிறகுதான் அது மின்சாரம் விடும். முதலில் 5 வோல்ட், பிறகு லேப்டாப்போடு பேசி முடித்து, பெரும்பாலும் 20 வரை போகும். பயப்பட வேண்டாம்.

டைப்-சி கேபிள் தானாகக் கழன்று விழுகிறது. போர்ட்டை மாற்றச் சொல்கிறார்கள்.

முதலில் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். போர்ட் மாற்ற வேண்டும் என்று ஒருவர் என்னிடம் கொண்டுவந்த லேப்டாப்பில், பையிலிருந்த நூல்தூசி அடியில் அழுந்தி அழுந்திச் சாம்பல் நிறக் கம்பளித் துண்டு மாதிரி இறுகிக் கிடந்தது. வெளியே எடுத்ததும் ‘டக்’ என்று பொருந்தியது. புதுப் போர்ட் விற்கும் வாய்ப்பு அன்று போயிற்று!

சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை முழுதாக அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் ஓரச் சுவரை ஒட்டிச் சுரண்டி எடுங்கள். நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும், அதை நெம்பக் கூடாது. ஊசி, சேஃப்டி பின் பக்கமே போகாதீர்கள்.

இன்னொன்று: ஒரு பக்கமாகச் செருகினால் ஏறி, திருப்பிச் செருகினால் ஏறாவிட்டால், வேறு கேபிளால் சோதியுங்கள். அதிலும் அப்படியே என்றால் போர்ட்டின் உள் தொடுமுனை தேய்ந்திருக்கிறது.

லேப்டாப் ஓடுகிறது சார், பேட்டரி மட்டும் ஏறுவதில்லை.

80 சதவீதத்தில் நிற்கிறதா? அப்படியென்றால் பேட்டரியைக் காக்கும் அமைப்பு ஆன் ஆகியிருக்கும், பழுதில்லை. டெல், எச்பியின் உருளைப் பின் சார்ஜர் என்றால் நடுவில் இருக்கும் மெல்லிய ஊசியைப் பாருங்கள். அடாப்டர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். அது வளைந்தாலோ ஒடிந்தாலோ, லேப்டாப் ஓடும், வேகம் குறையும், பேட்டரி ஏறாது.

பேப்பர் மடித்துச் செருகி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பரவாயில்லையா?

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 65 வாட் சார்ஜரில் சுமார் 3.3 ஆம்பியர் ஓடுகிறது. லூசான தொடுமுனையில் அரை ஓம் தடை இருந்தாலே ஐந்து வாட்டுக்கு மேல் வெப்பம், அதுவும் மிளகு அளவு இடத்தில்! பக்கத்திலேயே எரியக்கூடிய காகிதம் வேறு. பின் தொட முடியாதபடி சுட்டாலோ, பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ இன்றைக்கே நிறுத்துங்கள்.

செருகும்போது சின்னதாகப் பொறி வருகிறது.

ஒரு கணம் என்றால் சகஜம். உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர் நிரம்புகிறது. முதலில் லேப்டாப்பில் செருகி, அப்புறம் சுவர் சுவிட்சைப் போடுங்கள். படபடவென்று தொடர்ந்து வந்தால் அது லூஸ்.

ஜாக்கை நானே மாற்றலாமா?

மாடலைப் பொறுத்தது. பலவற்றில் ஜாக் குட்டி ஒயரோடு தனியாக வரும்: பேட்டரி கனெக்டரைக் கழற்றி, ஒன்றிரண்டு திருகைக் கழற்றினால் வந்துவிடும். பொறுமை இருந்தால் செய்யலாம். மதர்போர்டிலேயே சால்டர் செய்த ஜாக் வேறு கதை. அதன் கிரவுண்டு கால்கள் பெரிய செம்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் சூட்டையெல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளும். சால்டர் உருகவில்லையே என்று இழுத்தால் போர்டின் செம்புத் தடமும் கூடவே பிய்ந்து வரும். பிய்ந்த தடத்தோடு என்னிடம் வந்தவை நிறைய. நேராக வந்திருந்தால் பாதி வேலைதான்.