பீரோவில் தூங்கும் பேப்பர்: எதை ஸ்கேன் செய்யலாம், எதைத் தூக்கிப் போடலாம்? – கேள்வி பதில்

வீட்டிலும் கடையிலும் பேப்பரைக் குறைக்க நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும். நான் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிறவன். ஸ்கேன் செய்வது, அடுக்குவது, காலம் முடிந்ததைக் கழிப்பது எல்லாம் என் வேலை. வக்கீல் இல்லை, சொத்துத் தகராறு இருப்பவர்கள் வக்கீலிடம் கேட்டுவிட்டு மேலே செய்யுங்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்: வீட்டுப் பத்திரம், உயில், பழைய ஷேர் சர்ட்டிபிகேட் எல்லாவற்றையும் பையன் ஸ்கேன் செய்துவிட்டான். "இனிமேல் இந்தச் சூட்கேஸ் எதுக்குப்பா?" என்கிறான். கொடுத்துவிடலாமா?

ஐயா, சூட்கேஸை யாரிடமும் கொடுக்காதீர்கள். பேப்பரில் இரண்டு சாதி உண்டு. கரண்ட் பில், பேங்க் ஸ்டேட்மென்ட் போன்றவை ஒரு தகவலை மட்டும் சொல்பவை. அந்தத் தகவல் வேறு இடத்திலும் இருக்கிறது, மறுபடி எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு வகையில் உரிமையே அந்தத் தாளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் சொன்ன மூன்றும் இந்த இரண்டாவது வகை.

வீட்டின் மேல் கடன் கேட்டால் வங்கி அசல் பத்திரத்தைத்தான் வாங்கி வைக்கும். விற்கப் போனாலும் வாங்குகிறவரின் வக்கீல் தாய்ப்பத்திரம் வரை அசலைக் கேட்பார். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அசல் எங்கே போனது, யாரிடமாவது அடமானத்தில் இருக்கிறதா என்ற சந்தேகம் வந்துவிடும். அப்புறம் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று என்று அலைய வேண்டியதுதான்.

உயிலை 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. மின்னணு ஆவணமாக உயில் எழுத முடியாது. தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சிகளும் போட வேண்டும். ஷேர் விஷயத்தில், பட்டியலிட்ட கம்பெனிகளின் பங்குகளை 2019 ஏப்ரலிலிருந்து தாள் வடிவில் கைமாற்ற முடியாது. டீமேட்டுக்கு, அதாவது மின்னணுப் பங்குக் கணக்குக்கு மாற்ற அந்த அசல் சர்ட்டிபிகேட்டைத்தான் ஒப்படைக்க வேண்டும். சீக்கிரம் மாற்றிவிடுங்கள், அந்த ஒரு கட்டு பேப்பராவது நியாயமாகக் குறையும். புரோநோட்டு இருந்தால் அதுவும் இதே வகை. கோர்ட்டுக்குப் போனால் அசல் தாள் வேண்டும்.

அதற்காகப் பையன் செய்தது வீண் வேலை இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் கடலூரிலும் ஆவணங்களை இழந்தவர்களுக்காக அரசு தனி முகாம் நடத்தியது. அந்த மாதிரி நேரத்தில் பத்திர எண், ஆண்டு, சார்பதிவகம் இவை கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஸ்கேன் அதற்குத்தான் உதவும்.

கல்லூரி மாணவி, திருநெல்வேலி: டிஜிலாக்கரில் என் மார்க் ஷீட்டைப் போட்டோ எடுத்து ஏற்றி வைத்திருந்தேன். ஓர் இடத்தில் செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அரசாங்க ஆப்தானே அண்ணா?

அரசாங்க ஆப்தான் தங்கச்சி. ஆனால் அதில் இரண்டு அறை இருக்கிறது. ஒன்றில் நாமே ஏற்றுகிற கோப்புகள் இருக்கும். அது வெறும் பெட்டி; ஒரு ஜிபி வரை எதை வேண்டுமானாலும் வைக்கலாம், அதனால் அந்தக் கோப்புக்குத் தனி மதிப்பு வந்துவிடாது. இன்னொன்று "வழங்கப்பட்ட ஆவணங்கள்". அவை ஆதார், ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் பட்டியல் என அந்தந்தத் துறையே நேரடியாக அனுப்புபவை. 2016-ல் வந்த விதிகள் அசலுக்குச் சமம் என்று சொல்வது இந்த இரண்டாவதை மட்டும்தான். உன் போர்டின் பெயரைத் தேடி, பதிவு எண்ணும் தேர்ச்சி பெற்ற ஆண்டும் கொடுத்து அங்கிருந்து இழுத்துக்கொள். அப்புறம் யாரும் திருப்பி அனுப்ப நியாயம் இல்லை.

பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர், விழுப்புரம்: இ-ஆதாரை (டவுன்லோடு செய்த ஆதார் பிடிஎஃப்) திறந்தால் கையெழுத்து இடத்தில் கேள்விக்குறி வருகிறது. கஸ்டமர் போலி என்கிறார்.

கேள்விக்குறி வந்ததாலேயே போலி ஆகிவிடாது. உங்கள் கம்ப்யூட்டருக்கு அந்த டிஜிட்டல் கையெழுத்தை யார் போட்டது என்று இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். அடோபி ரீடரில் கையெழுத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, சரிபார்க்கச் சொல்லி, அந்தச் சான்றிதழை நம்பகமானவற்றில் சேர்த்தால் பச்சை டிக் வந்துவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. டிஜிட்டல் கையெழுத்து கோப்புக்குள்தான் இருக்கிறது, பக்கத்தில் தெரியும் படத்தில் இல்லை. நிறைய பேர் அதைப் பிரிண்ட் எடுத்து, பிரிண்டை ஸ்கேன் செய்து, "சாஃப்ட் காப்பி" என்று சேமிக்கிறார்கள். அந்தச் சுற்றில் கையெழுத்து செத்துவிடும். மின்னணுவாக வந்ததை மின்னணுவாகவே வையுங்கள். பாஸ்வேர்டு தொல்லை என்று வேறு பிடிஎஃப் ஆக மாற்றிச் சேமித்தாலும் இதே கதிதான்.

ஹார்டுவேர் கடை, ஈரோடு: கம்ப்யூட்டர் பில்லிங் போட்டு வருஷம் ஆகப் போகிறது சார். கணக்குப்பிள்ளை இன்னும் பில் புக்கிலும் எழுதுகிறார். கேட்டால் "ஒரு சேஃப்டிக்கு" என்கிறார். வேலை இரட்டிப்பாகிவிட்டதுதான் மிச்சம்.

எங்கள் அலுவலகத்துக்கு வரும் கடைகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். சாஃப்ட்வேர் விற்கிறவர்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. பேப்பரையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து ஓட்டினால், எது உண்மையான கணக்கு என்பதே குழம்பிவிடும். பில் புக்கில் ஒரு தொகை, கம்ப்யூட்டரில் ஒரு தொகை, இரண்டில் எதை நம்புவது? கடைசியில் எல்லோரும் பில் புக்கைத்தான் நம்புவார்கள், ஏனென்றால் அதில் அடித்துத் திருத்தியது கண்ணுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் கணக்கை மாதக் கடைசியில் மொத்தமாக ஏற்றுவார்கள். அப்படியானால் கம்ப்யூட்டர் எதற்கு?

கணக்குப்பிள்ளையின் பயத்தைப் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். கரண்ட் போனால் என்ன செய்வது, தப்பாக அடித்துவிட்டால் யார் மேல் பழி, பழைய பாக்கியைத் தேட முடியுமா என்றுதான் அவர் யோசிக்கிறார். மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும். ஒரு யுபிஎஸ் வாங்கிப் போடுங்கள். கரண்ட் இல்லாத நேரத்துக்குத் தனி வரிசை எண்ணோடு ஒரே ஒரு கைப் புத்தகம் வைத்து, அதில் எழுதியதை அன்று மாலைக்குள் ஏற்றிவிடச் சொல்லுங்கள். அவருக்குத் தனி லாகின் கொடுத்து, யார் எதைத் திருத்தினார்கள் என்ற பதிவை இயக்கி வையுங்கள். அடுத்தவர் செய்த தப்பு தன் தலையில் விழாது என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

இதெல்லாம் தயாரானபின் ஒரு தேதி குறியுங்கள். ஏப்ரல் 1 பொருத்தமாக இருக்கும், புதுக் கணக்கு ஆண்டு, பில் எண்ணும் புதிதாகத் தொடங்கும். அன்று காலை பில் புக்கை எடுத்துப் பூட்டிவிடுங்கள். தேதி குறிக்காத கடைகளில் இரட்டை வேலை நின்று நான் பார்த்ததில்லை.

வண்டியோடு போகிற பில்லுக்கும் கேட்கிற வாடிக்கையாளருக்கும் பிரிண்ட் கொடுங்கள். அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அதே கடைக்காரர்: அப்படியானால் பழைய கொள்முதல் பில்களை ஸ்கேன் செய்துவிட்டுத் தூக்கிப் போடலாமா?

காலம் முடியும் வரை கூடாது. ஜிஎஸ்டி சட்டப்படி, அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளையும் பில்களையும் வைத்திருக்க வேண்டும். 2023-24-க்குக் கடைசி நாள் 2024 டிசம்பர் 31. ஆகவே 2030 டிசம்பர் வரை. அப்பீல், விசாரணை என்று ஏதாவது நடந்துகொண்டிருந்தால் அது முடிந்து ஓராண்டு வரையாவது தொடக் கூடாது. கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் எட்டு நிதியாண்டு. உள்ளீட்டு வரி எடுத்த (சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொண்ட) பில்லுக்குத் தாள்தான் ஆதாரமாக வந்திருக்கிறது என்றால் அந்தத் தாளை அதுவரை வைத்திருப்பதே நிம்மதி. ஆண்டுக்கு ஓர் அட்டைப்பெட்டி, மேலே "2030 டிசம்பருக்குப் பின் கழிக்க" என்று மார்க்கரில் எழுதிப் பரணில் ஏற்றிவிடுங்கள். தேட வேண்டியபோது ஸ்கேனில் தேடலாம்.

குடும்பத் தலைவி, கோவை: ஃபிரிட்ஜ் வாங்கிய பில்லை எடுத்துப் பார்த்தால் வெள்ளைத் தாளாக இருக்கிறது! பிளாஸ்டிக் கவரில் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன்.

அந்தக் கவரே காரணமாக இருக்கலாம் அம்மா. இப்போதைய கடை பில்லில் மை கிடையாது. தாளில் பூசிய ரசாயனம் சூட்டில் கறுப்பாவதால் எழுத்து தெரிகிறது. வெயில், எண்ணெய்க் கை, பிவிசி கவரை வளைந்து கொடுக்க வைக்கும் ரசாயனம் எல்லாமே அந்த எழுத்தை அழிக்கும். வாரண்டி உள்ள பொருளின் பில்லைக் கடையை விட்டு வெளியே வருவதற்குள் போனில் எடுத்துவிடுங்கள். அழிந்த பில்லுக்கு வழி: வாங்கிய கடையில் போன் எண்ணைச் சொன்னால் பல இடங்களில் மறுபடி எடுத்துத் தருவார்கள்.

பதிப்பகத்தில் பணிபுரிபவர், சென்னை: எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, ஆனால் தேடினால் எதுவும் கிடைப்பதில்லை. தமிழில் தேடினால் பூஜ்யம்தான் வருகிறது.

உங்கள் பழைய கோப்புகள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவையாக இருக்கும். அவற்றில் உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருக்கிறது. கண்ணுக்கு "அம்மா" என்று தெரியும், கம்ப்யூட்டருக்கு அது ஏதோ நாலைந்து ஆங்கில எழுத்து. நீங்கள் யூனிகோடில், அதாவது தமிழ் எழுத்துக்கே தனி எண் உள்ள இன்றைய பொது முறையில் அடித்துத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டதே 2010-ல்தான். அதற்கு முந்தைய கோப்புகளில் பெரும்பகுதி இப்படித்தான், பிந்தையவற்றிலும் நிறைய உண்டு. பிடிஎஃப் ஆக இருந்தால் அழகாகத் தெரிந்து நம்மை ஏமாற்றும். சோதிக்க எளிய வழி: ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஆங்கிலக் கிறுக்கலாக வந்தால் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக்க வேண்டும்.

ஸ்கேன் படங்கள் வேறு கதை. அச்சடித்த தமிழை கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் ஓரளவு நன்றாகவே படித்துக் கொடுக்கிறது. இதே வேலைக்கு டெசராக்ட் என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது. 300 டிபிஐ-க்கு (ஸ்கேனின் கூர்மை அளவு) குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். கையால் எழுதிய பழைய பத்திரங்களில் இதை நம்பாதீர்கள். அங்கே கோப்பின் பெயர்தான் துணை: ஆண்டு, என்ன ஆவணம், யார் அல்லது எந்த இடம். "1987 கிரயம் மேலத்தெரு சர்வே 112-3" என்கிற மாதிரி. சர்வே எண்ணில் சாய்கோடு போட்டால் விண்டோஸ் ஏற்காது, சிறுகோடு போடுங்கள். "புதுசு", "புதுசு ஃபைனல்", "ஃபைனல் ஒரிஜினல்" என்று பெயர் வைப்பவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

தனியார் ஊழியர், ஓசூர்: எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கிறது. பேக்கப் தனியாக வேண்டுமா?

வேண்டும். ஒரு இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிகிற ஏற்பாட்டுக்குப் பேக்கப் என்று பெயரில்லை. குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அப்புறம் போய்விடும். இலவச 15 ஜிபி மெயிலுக்கும் போட்டோவுக்கும் சேர்த்துத்தான். அது நிரம்பினால் மெயில் வருவதே நின்றுவிடும். முக்கியமானவற்றை ஒரு ஹார்டு டிஸ்கில் எடுத்து அக்கா வீட்டிலோ மாமனார் வீட்டிலோ வையுங்கள். ஒரே பீரோவில் லேப்டாப்பும் டிஸ்கும் இருந்தால் திருடனுக்கு வசதி.

பெயர் வேண்டாம் என்றவர், திருச்சி: அப்பா தவறிவிட்டார். எல்லாக் கணக்கும் அவர் போனில். லாக் எண் தெரியவில்லை, மெயிலும் திறக்கவில்லை.

முதலில் அந்த சிம்மை உயிரோடு வையுங்கள். ரீசார்ஜ் நின்று எண் துண்டிக்கப்பட்டால் 90 நாளுக்குப் பின் அது வேறொருவருக்குப் போகலாம். அவருடைய எந்தக் கணக்குக்கும் அந்த எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். எண்ணை வாரிசு பெயருக்கு மாற்ற இறப்புச் சான்றோடு தொலைபேசி நிறுவனத்தின் கடைக்குப் போங்கள். ஆனால் அந்த ஓடிபியை வைத்து வங்கிக் கணக்கில் பணம் எடுக்காதீர்கள். நாமினியாகவோ வாரிசாகவோ வங்கியில் முறைப்படி கேட்பதுதான் சரி, பிற்பாடு உடன்பிறப்புகளோடு மனக்கசப்பும் வராது. மெயிலும் அப்படியே கிடக்கக் கூடாது. இரண்டு ஆண்டு யாரும் நுழையாத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம்.

மற்றவர்களுக்கு: கூகுள் அமைப்புகளில் "செயலற்ற கணக்கு மேலாளர்" என்று ஒன்று இருக்கிறது. நாம் இத்தனை மாதம் நுழையாவிட்டால் இன்னாருக்குத் தெரிவி, இன்னின்னதைக் கொடு என்று இப்போதே சொல்லி வைக்கலாம். கூடவே போன் லாக், மெயில் பாஸ்வேர்டு, எந்த வங்கி, எந்தப் பாலிசி என்பதை ஒரு நோட்டில் கையால் எழுதி, பத்திரம் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். பேப்பர் வேண்டாம் என்று பேச வந்தவன் நோட்டு வாங்கச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள்.

சேலம் வாசகர்: பத்திரத்தை லேமினேட் செய்யலாமா?

வேண்டாம். சான்றிதழும் அப்படித்தான், வெளிநாட்டு வேலைக்கு அட்டெஸ்டேஷன் என்று போனால் பின்பக்கம் முத்திரை வைக்க இடமிருக்காது.

ஐடி ஊழியர், மதுரை: அப்பாவுக்குப் பேங்க் ஸ்டேட்மென்ட் மெயிலில் வருகிறது. அவர் தினமும் பிரிண்ட் கேட்கிறார். எப்படிப் பழக்குவது?

பழக்க வேண்டாம் தம்பி, எடுத்துக் கொடுங்கள். பேனாவால் டிக் போட்டுக் கணக்குப் பார்ப்பவர்கள் கண்ணில் கணக்கில் தப்பாகப் பிடித்த தொகை சட்டென்று மாட்டும். தினமும் வேண்டாம், மாதத்துக்கு ஒருமுறை எடுத்துத் தருகிறேன் என்று பேசிப் பாருங்கள்.

வேலூர் வாசகி: கழிக்கிற பேப்பரைப் பழைய பேப்பர் கடையில் போடலாமா?

செய்தித்தாளைப் போடுங்கள். ஆதார் ஜெராக்ஸ், கேன்சல் செய்த செக், சம்பளச் சீட்டு வேண்டாம். பஜ்ஜி மடித்து வந்த தாளில் யாரோ ஒருவரின் பான் கார்டு ஜெராக்ஸைப் பார்க்காதவர்கள் நம் ஊரில் குறைவு. வாளித் தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட்டுப் பிசைந்தால் கூழாகிவிடும். இயந்திரம் வாங்கத் தேவையில்லை.

தஞ்சாவூர் வாசகர்: முப்பது வருடப் பேப்பர் சார். எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

பழையதில் ஆரம்பிக்காதீர்கள். உட்கார்ந்தால் பழைய கடிதமாகப் படித்துக்கொண்டு பொழுது போய்விடும். இந்த மாதத்திலிருந்து வீட்டுக்குள் வருவதை முதலில் நிறுத்துங்கள்: கரண்ட், போன், வங்கி, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் மெயிலுக்கு மாற்றுங்கள். அப்புறம் அசல் வேண்டிய ஆவணங்களை மட்டும் பொறுக்கி ஒரே பெட்டியில் சேர்த்து, அவற்றை ஸ்கேன் செய்யுங்கள். ஒரு குடும்பத்துக்கு அது பெரும்பாலும் ஒரு பெட்டிக்கு மேல் போகாது. மிச்ச மூட்டையைக் கட்டி வையுங்கள். அதிலிருந்து ஏதாவது தேவைப்படும்போது அதை மட்டும் வெளியே எடுத்து ஸ்கேன் செய்தால் போதும். ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கிவிட்டு மெஷினில் விடுங்கள், கண்ணாடி கீறினால் எல்லாப் பக்கத்திலும் கோடு விழும்.